கெர்னலில் கவுண்டர் நிரல்: எதை வைத்துக்கொள்வது, எதை வெளியே அனுப்புவது

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் சனிக்கிழமை தோறும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். சிலர் வேலைக்குப் போகிறவர்கள், சிலர் பல்கலைக்கழக மாணவர்கள். படிப்பதற்காகவே எழுதத் தொடங்கிய ஒரு சின்ன கெர்னல், அதாவது வன்பொருளை நேரே ஆளும் இயங்குதள மையப் பகுதி, எங்களிடம் இருக்கிறது. போன மாதம் ஒரு தம்பி அதைத் தன் புது மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தார். பூட் ஆனது, ஷெல் வந்தது. சிபியு என்ற மையச் செயலியில் நடப்பதை எண்ணும் கவுண்டர் பகுதி மட்டும் "இந்த சிபியு தெரியாது" என்று சொல்லி நின்றுவிட்டது.

"அக்கா, சிபியுவின் இலக்கத்தை ஒரு வரியில் சேர்த்தால் போதும்தானே?" என்று கேட்டார்.

கோப்பைத் திறந்து காட்டினேன். ஒரு வரியால் முடிகிற வேலை இல்லை. அந்த சிபியுவுக்கு ஒரு நிகழ்வு அட்டவணை வேண்டும், எந்த நிகழ்வை எந்தக் கவுண்டரில் எண்ணலாம் என்ற பட்டியல் வேண்டும், பிறகு அந்த வரிசைக்கென்றே உள்ள விலக்குகள் வேண்டும். இப்படி எட்டுக் கோப்புகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் மூன்றை எங்களில் யாரும் இப்போது ஓட்டிப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் அந்த இயந்திரங்கள் எங்களிடம் இல்லை. ஒன்பதாவது கோப்பு எழுதுவதா, அல்லது முழுவதையும் சுருக்குவதா என்ற கேள்வி அன்றுதான் வந்தது. மூன்று சனிக்கிழமை கதைத்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். சின்ன கெர்னல் வைத்திருக்கும் வேறு யாருக்கும் இதே கேள்வி வரும்.

கவுண்டர் என்று நாங்கள் சொல்வது சிபியுவுக்கு உள்ளேயே இருக்கும் எண்ணிகளை. எத்தனை கட்டளைகள் முடிந்தன, எத்தனை கடிகாரத் துடிப்புகள் ஓடின, கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகத்தில் தேடியது எத்தனை தடவை கிடைக்கவில்லை, நிரல் பிரியும் கிளை எந்தப் பக்கம் போகும் என்ற ஊகம் எத்தனை தடவை பிழைத்தது என்பதையெல்லாம் வன்பொருளே எண்ணித் தருகிறது. ஒரு நிரல் மெதுவாக ஓடுகிறது என்று அறியக் கடிகாரம் போதும். ஏன் மெதுவாக ஓடுகிறது என்று அறிய இவை வேண்டும். ஒரு பெரிய அட்டவணையை வரிசை வரிசையாகக் கூட்டும் நிரல் ஒன்று, மேலிருந்து கீழாகக் கூட்டும் நிரல் இன்னொன்று. இரண்டையும் ஓடவிட்டு, கட்டளை எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க, கேஷ் தவறுகள் மட்டும் பல மடங்கு ஏறுவதை ஒரு மாணவிக்குக் காட்டிப் பாருங்கள். ஒரு மணி நேர விரிவுரையை விட அது மனதில் நிற்கும். அதனால் "இந்தப் பகுதியை அப்படியே தூக்கி எறிந்துவிடலாம்" என்ற யோசனை வந்தபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கெர்னல் மட்டுமே செய்யக்கூடியது எது

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு அளவுகோல் வேண்டும். என் அளவுகோல் இது: இந்த வேலையைக் கெர்னலுக்கு வெளியே செய்ய முடியுமா? முடியுமென்றால் வெளியே போகட்டும்.

கவுண்டரைத் தொடுவதற்கு ஏன் கெர்னல் வேண்டும்? முதலாவது, எதை எண்ணுவது என்று சொல்லும் ரெஜிஸ்டர்களில் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) எழுதும் கட்டளை கெர்னல் நிலையில்தான் ஓடும். வாசிப்பதற்கு மட்டும் இன்டெலும் ஏஎம்டியும் ஒரு விலக்குத் தருகின்றன: கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் 4இல் ஒரு பிட்டை ஏற்றிவிட்டால், சாதாரண நிரலே ஆர்டிபிஎம்சி கட்டளையால் கவுண்டரை நேரே வாசிக்கலாம். இரண்டாவது, கவுண்டருக்குப் புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், என்றால் என்னவென்று தெரியாது. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும். ஒரு புரோசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணத்தில் "இதுவரை உன்னுடையது, இனி அவனுடையது" என்று பிரித்து வைக்கக் கெர்னலால்தான் முடியும். மூன்றாவது, கவுண்டர் நிரம்பி வழியும்போது வரும் இன்டரப்டை, அதாவது சிபியுவின் வேலையை இடைமறிக்கும் அழைப்பை, வாங்குவது. நான்காவது, இரண்டு பேர் ஒரே கவுண்டரைக் கேட்டால் யாருக்கு என்று தீர்ப்பது.

அவ்வளவுதான். நிகழ்வுகளின் பெயர்களும், அவற்றின் விளக்கங்களும், விகிதம் கணக்கிடுவதும், அறிக்கை அச்சிடுவதும் இந்தப் பட்டியலில் வரவில்லை. எங்கள் எட்டுக் கோப்புகளில் பெரும்பகுதி அவைதான்.

நான்கு வழிகள்

இருப்பதை இருந்தபடியே வைத்து, ஒன்பதாவது கோப்பை எழுதுவது முதல் வழி. இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இன்று ஒரு மாலையில் முடியும். அடுத்த வருடம் பத்தாவது கோப்பு கேட்கும். ஓட்டிப் பார்க்க முடியாத நிரலைத் திருத்த ஒருவருக்கும் மனம் வராது, அதனால் அது அப்படியே கிடந்து புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தும். இந்த வழிக்கு எங்களில் யாரும் கை தூக்கவில்லை.

இரண்டாவது வழி, லினக்ஸ் போன பாதை. இதில் நிறைய விஷயம் இருக்கிறது.

லினக்ஸில் 2008 வரை இந்த வேலைக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத பல ஏற்பாடுகள் இருந்தன. நிரல் எங்கே நிற்கிறது என்று இடையிடையே குறித்து மாதிரி எடுக்கும் ஓப்ரொஃபைல் என்ற கருவி 2002இலேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. மிக்கேல் பெட்டர்சனின் பெர்ஃப்சிடிஆர் வெளியே ஒட்டுத் திருத்தமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டெஃபான் எரேனியனின் பெர்ஃப்மொன்2 மிகவும் முழுமையான வடிவமைப்பு. ஆனால் அதற்குப் பன்னிரண்டு அளவில் புதிய சிஸ்டம் கோல்கள் (சாதாரண நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் வாசல்கள்) வேண்டியிருந்தன. அது பிரதான கெர்னலுக்குள் நுழைய வருடக்கணக்காகக் காத்திருந்தது. 2008 டிசம்பரில் இங்கோ மோல்னரும் தோமஸ் கிளைக்ஸ்னரும் வேறு ஒரு யோசனையை வைத்தார்கள்: ஒரே ஒரு சிஸ்டம் கோல். என்ன வேண்டும் என்று ஸ்ட்ரக்சர் என்ற ஒரு தரவுத் தொகுப்பில் எழுதிக் கொடுத்தால் ஒரு கோப்பு எண் திரும்பி வரும். அதை வாசித்தால் எண்ணிக்கை. 2009இல் 2.6.31ஆம் பதிப்பில் அது உள்ளே வந்தது, அடுத்த பதிப்பிலேயே பெர்ஃப் ஈவென்ட்ஸ், சுருக்கமாகப் பெர்ஃப், என்று பெயர் மாறியது. கடைசியில் ஓப்ரொஃபைல் கருவியே பெர்ஃபின் மேல் ஓடும்படி மாற்றி எழுதப்பட்டது. கெர்னலுக்குள் இருந்த அதன் பழைய பகுதியை 2021இல் 5.12ஆம் பதிப்பில் நீக்கினார்கள்.

வெளியே இருந்து பார்க்க இது மிக எளிமை. சிஸ்டம் கோல் ஒன்று, கொடுக்கும் ஸ்ட்ரக்சர் ஒன்று. அந்த ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலேயே அதன் அளவையும் எழுதிக் கொடுக்க வைத்தது உண்மையிலேயே தொலைநோக்கான வேலை: முதலில் 64 பைட்டாக இருந்தது பின்னர் 100ஐத் தாண்டியும் பழைய நிரல்கள் உடையாமல் ஓடுகின்றன. இந்தப் பழக்கத்தை நாங்கள் எந்த வழி எடுத்தாலும் கடன் வாங்கிக்கொள்வோம்.

ஆனால் வாசலில் தெரியும் எளிமை வீட்டுக்குள் இல்லை. பெர்ஃபின் மையக் கோப்பு ஒன்று மட்டுமே பத்தாயிரம் வரிகளுக்கு மேல். கேட்கும் நிகழ்வுகள் இருக்கும் கவுண்டர்களை விட அதிகமானால், கெர்னலே முறை வைத்து மாற்றி மாற்றி எண்ணும். எண்ணாமல் விட்ட நேரத்துக்கு விகிதம் போட்டு ஊகித்துக்கொள்ள இரண்டு நேரங்களைத் தரும். எந்த நிகழ்வு எந்தக் கவுண்டரில் பொருந்தும் என்ற புதிரையும் கெர்னலே அவிழ்க்கும். குழுக்கள், பிள்ளைப் புரோசஸ்களுக்குப் பரம்பரையாகப் போவது, பகிர்ந்த நினைவகத்தில் மாதிரிகளை நிரப்புவது என்று நீண்டுகொண்டே போகும். அவர்களுக்கு அது தேவை. உலகத்தின் எல்லா வகை இயந்திரங்களிலும் ஓடும் கெர்னல் அது. ஏழெட்டுப் பேர் பராமரிக்கும் கெர்னலுக்கு அது தாங்காது.

தாங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2013இல் வெளிவந்த சிவிஇ-2013-2094 என்று இலக்கமிட்ட பாதுகாப்பு ஓட்டையைப் பாருங்கள். பயனர் கொடுக்கும் 64 பிட் நிகழ்வு எண்ணை, பெர்ஃப் நிரலின் ஒரு ஃபங்ஷன் குறியுள்ள சாதாரண முழு எண்ணாக வாங்கியது. மேல் எல்லையைச் சரிபார்த்தது. எண் எதிர்மறையாக வரலாம் என்பதைப் பார்க்கவில்லை. எதிர்மறை எண் கொடுத்தால் அட்டவணைக்கு வெளியே போய் எழுதும். அதை வைத்துச் சாதாரணப் பயனர் ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனர், ஆகலாம். தாறுமாறான உள்ளீடுகளைக் கொட்டிச் சோதிக்கும் டிரினிட்டி என்ற கருவியால்தான் அந்தப் பிழை அகப்பட்டது. உலகத்திலேயே அதிகம் பேர் வாசிக்கும் கெர்னலில் ஒரு மாறியின் வகை இவ்வளவு செய்ததென்றால், எங்கள் நிரலில் அப்படி எத்தனை இருக்கும் என்று யோசித்து எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. பிறகு அவர்களும் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தினார்கள்: 2016இல் வந்த 4.6இல், கெர்னலுக்குள் நடப்பதைச் சாதாரணப் பயனர் அளக்க முடியாதபடி இயல்பு அமைப்பையே மாற்றினார்கள்.

மூன்றாவது வழி மெல்லிய கெர்னல். மேலே சொன்ன நான்கு வேலைகளை மட்டும் கெர்னல் வைத்துக்கொள்ளும். பெயர் அட்டவணை, விகிதக் கணக்கு, அறிக்கை எல்லாம் ஒரு பயனர் நூலகத்துக்குப் போகும். நூலகம் "2ஆம் கவுண்டரில் இந்த எண்ணை எழுது" என்று கேட்கும்; கெர்னல் அந்த எண்ணைச் சலித்து எழுதும்.

சலிப்பது என்பதுதான் இங்கே உயிர்நாடி. இன்டெலின் நிகழ்வுத் தெரிவு ரெஜிஸ்டரில் நிகழ்வு எண்ணும் துணை எண்ணும் மட்டும் இல்லை. இன்டரப்ட் எழுப்பும் பிட் இருக்கிறது, கெர்னல் நிலையில் நடப்பதையும் எண்ணும் பிட் இருக்கிறது, அதே கோரில் (சிபியுவுக்குள் கட்டளைகளை ஓட்டும் ஓர் அலகு) ஓடும் பக்கத்து ஹைப்பர்த்ரெட்டின், அதாவது அந்த அலகைப் பகிரும் இன்னோர் ஓட்டத்தின், வேலையையும் சேர்த்து எண்ணும் பிட் சில தலைமுறைகளில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு யாருக்கும் தெரியக்கூடாது. ஆகவே கெர்னல் அனுமதிக்கும் பிட்களை மட்டும் ஒரு முகமூடியால் எடுத்து, மீதியைத் தானே நிரப்பும். ஐந்தாறு வரி நிரல், ஆனால் அதை நூறு தடவை வாசிக்கவேண்டும்.

பெயர் அட்டவணையை வெளியே அனுப்புவது புது யோசனை இல்லை. இன்டெல் தன் நிகழ்வுப் பட்டியல்களை ஜேசன் என்ற எளிய உரை வடிவக் கோப்புகளாகவே வெளியிடுகிறது. லினக்ஸும் அவற்றைக் கெர்னலுக்குள் வைக்காமல் பெர்ஃப் கருவியின் பக்கத்தில்தான் வைத்திருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஜோசப் கோஷி எழுதிய எச்டபிள்யூபிஎம்சி என்ற கவுண்டர் பகுதி 2005இல் அதன் 6.0ஆம் பதிப்புடன் வந்தது, சிபியு ஒவ்வொன்றுக்குமான நீண்ட நிகழ்வுப் பட்டியல்கள் கெர்னலும் நூலகமும் பகிரும் கோப்பில் இருந்தன. 2018இல் அவர்களும் லினக்ஸ் பயன்படுத்தும் அதே ஜேசன் அட்டவணைகளை நூலகத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் எட்டுக் கோப்புகளைப் பார்த்துவிட்டு அந்த மாற்றத்தைப் படித்தபோது, முன்னே போனவர்கள் நடந்த தடம் தெளிவாகவே தெரிந்தது.

இந்த வழியின் குறையையும் சொல்லவேண்டும். சில நிகழ்வுகள் குறிப்பிட்ட கவுண்டரில்தான் எண்ணப்படும். இன்டெலின் சான்டி பிரிட்ஜ் சிபியுக்களில் எல்1 என்ற முதல்நிலைக் கேஷுக்கு வரவேண்டிய தரவுக்காகக் காத்திருக்கும் கோரிக்கைகளை எண்ணும் நிகழ்வுக்கு 2ஆம் கவுண்டர் மட்டுமே பொருந்தும். கெர்னலுக்கு இது தெரியாது. நூலகம்தான் சரியாகக் கேட்கவேண்டும். இரண்டு பேர் அதே கவுண்டரைக் கேட்டால் இரண்டாமவருக்கு "வேறு யாரோ வைத்திருக்கிறார்கள்" என்ற பதில்தான் வரும். முறை வைத்துப் பகிர்வது இல்லை. எனக்கு அது குறையாகவே படவில்லை. முறை வைத்து எண்ணி விகிதம் போட்ட எண்ணை மாணவர்கள் உண்மையான எண்ணிக்கை என்று நம்பி எழுதிவருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கிடைக்காது என்ற பதில் அவர்களை யோசிக்க வைக்கிறது: எந்த நான்கு நிகழ்வுகள் எனக்கு உண்மையில் வேண்டும்?

நான்காவது வழியை ஒரு மாணவி முன்வைத்தார், நான் எதிர்பார்க்காத வழி. இன்டெலில் கோர் 2 சிபியுவிலிருந்து, எதை எண்ணுவது என்று மாற்ற முடியாத நிலையான கவுண்டர்கள் மூன்று இருக்கின்றன: முடிந்த கட்டளைகள், கோரின் துடிப்புகள், மாறாத வேகத்தில் ஓடும் துடிப்புகள். "பூட் ஆகும்போதே மூன்றையும் எல்லாருக்குமாகத் தொடக்கிவிட்டு, பிறகு நிறுத்தவே வேண்டாம் அக்கா. புரோசஸ் மாறும்போது வாசித்து வித்தியாசத்தை மட்டும் கூட்டி வைப்போம்" என்றார். எல்லாப் புரோசஸுக்கும் அமைப்பு ஒன்றே என்பதால் மாறும்போது ரெஜிஸ்டரில் எதையும் எழுதவேண்டியதில்லை. இங்கே வாசிப்பு மலிவு, எழுத்துத்தான் விலை. சிஸ்டம் கோல் கூட வேண்டாம். புரோசஸின் நேரக் கணக்கோடு இன்னும் மூன்று எண்கள் சேர்ந்துவிடும், அவ்வளவுதான். கேஷ் தவறை அளக்க முடியாது என்பது இதன் குறை. அத்துடன் ஏஎம்டியில் இப்படி நிலையான கவுண்டர்கள் மூன்று இல்லை. அங்கே பொதுக் கவுண்டர்களில் இரண்டை இதற்கென்றே ஒதுக்கவேண்டும்.

எழுதாமல் வாசிப்பது

அந்த மாணவி சொன்ன "வித்தியாசத்தை மட்டும் கூட்டுவது" என்பதில்தான் பெரிய சுருக்கம் ஒளிந்திருந்தது. அது நான்காவது வழிக்கு மட்டும் உரியதல்ல.

எங்கள் பழைய நிரல் புரோசஸ் வெளியேறும்போது கவுண்டரின் மதிப்பைச் சேமித்து, திரும்பி வரும்போது அதே மதிப்பைக் கவுண்டரில் எழுதியது. கேட்க இயல்பாக இருக்கும். ஆனால் இன்டெலின் பழைய கவுண்டர் முகவரியில் எழுதினால் கீழ் 32 பிட்கள்தான் போகும். மேலே உள்ளவை 31ஆம் பிட்டைப் பார்த்து நிரப்பப்படும். சேமித்த மதிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால் திரும்ப எழுதியது வேறு எண். முழு அகலத்துக்கும் எழுத வேறு முகவரிகள் பின்னால் வந்தன, அவை இருக்கின்றனவா என்று கேட்க ஒரு பிட்டும் வந்தது. எங்கள் நிரலில் இந்த இரண்டு நிலைக்கும் இரண்டு பாதைகள், இரண்டையும் சோதிக்கவேண்டிய கடமை.

மதிப்பைத் திரும்ப எழுதாவிட்டால் இரண்டு பாதையும் தேவையில்லை. உள்ளே வரும்போது ஒரு வாசிப்பு, போகும்போது ஒரு வாசிப்பு, கழித்து வருவதை நினைவகத்தில் 64 பிட் கூட்டுத்தொகையில் சேர்ப்பது. இடையில் கவுண்டர் நிரம்பிச் சுற்றிவிட்டால்? 48 பிட் கவுண்டர் ஒன்று, நொடிக்கு 300 கோடி துடிப்பில், முழுச் சுற்றுப் போக ஏறக்குறைய 26 மணி நேரம் எடுக்கும். இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே ஒரு சுற்றுக்கு மேல் போகாதவரை, கழித்தலை 48 பிட்டுக்கு வெட்டினால் விடை சரியாகவே வரும். எண்ணுவதற்கு மட்டும் என்றால் இன்டரப்டே வேண்டாம்!

ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் இந்த வசதி அப்படியே கிடைக்காது. அதன் கோர்டெக்ஸ் ஏ72 சிபியுவில் ஆறு நிகழ்வுக் கவுண்டர்களும் ஒரு துடிப்புக் கவுண்டரும் இருக்கின்றன. நிகழ்வுக் கவுண்டர்கள் 32 பிட்தான். நொடிக்கு 150 கோடி துடிப்பில், துடிப்புக்கு ஒன்று வீதம் எண்ணினாலும் மூன்று நொடிக்குள் சுற்றிவிடும். சரி, அதற்கும் வழி எளிது: கெர்னலின் டைமர் எப்படியும் நொடிக்குப் பல தடவை அடிக்கிறது. ஒவ்வோர் அடியிலும் ஒரு தடவை வாசித்துக் கூட்டிவிட்டால் போதும். இன்டெலுக்கும் பைக்கும் ஒரே பொது நிரல், அகலம் மட்டும் மாறும் ஓர் எண். இதை வெள்ளைப் பலகையில் எழுதி முடித்தபோது அறையில் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாதிரி எடுப்பது தனி வேலை. எந்த வரியில் நேரம் போகிறது என்று பார்க்க, கவுண்டரில் ஓர் எதிர்மறை மதிப்பை எழுதுவோம். அது பூச்சியத்தைக் கடக்கும்போது இன்டரப்ட் வரும். அந்தக் கணத்தில் எந்த முகவரியில் நின்றது என்று குறித்துக்கொள்வோம். இங்கே எழுதாமல் முடியாது, இன்டரப்ட் இல்லாமலும் முடியாது. நான் இந்தப் பகுதியை முதன்முதல் எழுதியபோது ஒரே ஒரு மாதிரி வந்துவிட்டு நின்றுவிடும். இரண்டு இரவுகள் கவுண்டர் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். பிழை அங்கே இல்லை. இன்டெலில் கவுண்டர் இன்டரப்ட் ஒன்று வந்தவுடன், இன்டரப்டுகளைச் சிபியுவிடம் சேர்க்கும் லோக்கல் ஏபிக் என்ற பகுதியில் அதற்குரிய வாசலை வன்பொருளே மூடிவிடும். கையாளும் நிரல் ஒவ்வொரு தடவையும் திறந்துவிடவேண்டும். கையேட்டில் ஒரு வாக்கியமாக அது இருக்கிறது.

அது சாதாரண இன்டரப்டா, தடுக்க முடியாத என்எம்ஐயா என்பதும் ஒரு தெரிவு. சாதாரண இன்டரப்ட் என்றால், கெர்னல் இன்டரப்டுகளை மூடி வைத்திருக்கும் பகுதிகள் அறிக்கையில் தெரியவே தெரியாது. அங்கே போன நேரமெல்லாம் இன்டரப்டைத் திரும்பத் திறக்கும் வரியின் கணக்கில் ஏறும். என்எம்ஐ என்றால் உண்மை தெரியும், ஆனால் கையாளும் நிரல் எந்தப் பூட்டையும் எடுக்க முடியாது. இப்போதைக்குச் சாதாரண இன்டரப்டையே வைத்துக்கொள்கிறோம், அறிக்கையின் தலையில் இந்தக் குறையை எழுதிவிட்டு. பயனர் நிரல்களை அளப்பதுதான் எங்கள் மாணவர்களின் வேலை. அதற்கு இது போதும்.

எந்த சிபியுக்களை விடுவது

இதில்தான் அதிகம் வாதாடினோம். கொழும்பில் எங்கள் பிள்ளைகளிடம் இருப்பது புது இயந்திரங்கள் மட்டும் அல்ல. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது புது மடிக்கணினி பலருக்குக் கைக்கு எட்டாமல் போனது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் தெரிந்தவர்களிடமும் பழைய கோர் 2 டுவோ, இரண்டாம் தலைமுறை ஐ5 வாங்கித்தான் படித்தார்கள். "எளிமைப்படுத்துகிறோம் என்று சொல்லி அவர்களின் இயந்திரத்தை வெட்டினால், யாருக்காக எளிமை?" என்று ஒரு அண்ணா கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

ஆகவே எல்லைக்கோட்டைக் கோர் 2இலேயே போட்டோம். அது வயதைப் பார்த்துப் போட்ட கோடு அல்ல. இன்டெலின் கவுண்டர் இடைமுகத்தின் 2ஆம் பதிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. சிபியு தன்னைப் பற்றிச் சொல்லும் சிபியுஐடி கட்டளையின் 10ஆம் இலையை, அதாவது 10ஆம் பதில் பக்கத்தை, கேட்டால், எத்தனை கவுண்டர், எத்தனை பிட் அகலம், எத்தனை நிலையான கவுண்டர் என்று சிபியு தானே சொல்லும். கோர் 2இல் இரண்டு பொதுக் கவுண்டர் என்றும் பின்னால் வந்த ஐஸ் லேக் சிபியுக்களில் எட்டு என்றும் அதுவே சொல்லிவிடுவதால், மாதிரி இலக்கத்தைப் பார்த்துக் கிளை பிரிக்கவேண்டிய தேவை போய்விடுகிறது. எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் நிறுத்தித் தொடக்கும் பொது ரெஜிஸ்டரும் அந்தப் பதிப்பில்தான் வந்தது. தம்பியின் புது மடிக்கணினி முதல் யாரோ வைத்திருக்கும் பழைய கோர் 2 வரை ஒரே கோப்பு. வெளியே போவது பெந்தியம் 4உம் அதற்கு முந்தியவையும். பெந்தியம் 4இல் 18 கவுண்டர்களுக்கு 45 தெரிவு ரெஜிஸ்டர்கள். எது எதோடு சேரும் என்பதற்கே தனி வரைபடம். எங்களில் ஒருவரிடமும் அந்த இயந்திரம் இல்லை.

ஏஎம்டிக்கு இன்னொரு கோப்பு. கே7 சிபியு காலத்திலிருந்து நான்கு கவுண்டர் என்ற அதே அமைப்பு நீண்ட காலம் மாறாமல் வந்ததால் அது சின்னக் கோப்புத்தான். ஒரே எழுத்தில் நிறுத்தும் பொது ரெஜிஸ்டர் மட்டும் சென் 4 தலைமுறை வரும்வரை இல்லை. அதனால் கவுண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்தவேண்டும்.

மூன்றாவது கோப்பு, ராஸ்பெரி பையில் உள்ள ஆர்ம் வகை சிபியுவுக்கு. நான்காவது கோப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அது வேண்டும். மாணவர்களில் பாதிப் பேர் கெர்னலை மெய்நிகர் இயந்திரத்தில்தான் ஓட்டுகிறார்கள். வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மெய்நிகர் இயந்திரக் கருவி கவுண்டர்களை உள்ளே காட்டுவதில்லை. கியூஎமு என்ற இன்னொரு கருவி தனியாக எக்ஸ்86ஐ, அதாவது இன்டெல், ஏஎம்டி வகை சிபியுவை, நடித்துக் காட்டும்போதும் அவை இல்லை; லினக்ஸில் உள்ள கேவிஎம் என்ற மெய்நிகர் வசதியின் துணையோடு, ஓடும் இயந்திரத்தின் சிபியுவையே காட்டச் சொன்னால் கிடைக்கும். கவுண்டர் இல்லாத இடத்தில் கெர்னல் விழுந்துவிடாமல் "இங்கே இல்லை" என்று மரியாதையாகச் சொல்லி, டைமரை வைத்து மாதிரி எடுக்கும் வழிக்குப் போகவேண்டும். எங்கள் பழைய நிரல் இதில்தான் அடிக்கடி வழுக்கியது.

எடுத்த முடிவு

மூன்றாவது வழியை எடுத்து, அதன் அடியில் நான்காவதை வைத்தோம். கட்டளை எண்ணிக்கையும் துடிப்பும் எல்லாப் புரோசஸுக்கும் எப்போதும் ஓடும், யாரும் கேட்கவேண்டியதில்லை. கேஷ், கிளை போன்றவை வேண்டுமென்றால் நூலகம் வழியாகக் கேட்கலாம். கெர்னல் சலித்து, கவுண்டரை ஒதுக்கி, வித்தியாசத்தைக் கூட்டித் தரும். சிஸ்டம் கோல் ஒன்று. அதற்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்சரின் முதல் புலம் அதன் அளவு. ஒவ்வொரு வன்பொருள் கோப்பும் ஐந்து ஃபங்ஷன்களை மட்டும் தரவேண்டும்: இருக்கிறதா என்று பார், அமை, தொடக்கு, நிறுத்து, வாசி. மாதிரி எடுப்பது தனிக் கோப்பில் இருக்கும். அது இல்லாமலும் கெர்னலைக் கட்டலாம்.

இந்த முடிவால் இழப்பதும் உண்டு. இன்டெலில் கோருக்கு வெளியே போகும் கோரிக்கைகளை வகை பிரித்து எண்ண இரண்டாவது ரெஜிஸ்டர் ஒன்றும் வேண்டும். அதை ஒரே கோரின் இரண்டு ஹைப்பர்த்ரெட்களும் பகிர்கின்றன. அதைச் சரியாகப் பங்கிட, கெர்னல் பழையபடி தடித்துவிடும். அந்த நிகழ்வுகளை மறுப்பதென்று வைத்திருக்கிறோம். நினைவக அலைவரிசையைப் பற்றி ஆராய விரும்பும் ஒரு மாணவருக்கு அது வருத்தம்தான். அவருடைய வேலைக்கு லினக்ஸும் பெர்ஃபும்தான் சரியான கருவி என்று நேராகவே சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, தன் அளவீட்டு நிரலை இரண்டிலும் ஓடுமாறு எழுதப் போவதாகச் சொன்னார்.

வருகிற சனிக்கிழமை முதல் வேலை பெந்தியம் 4 கோப்பை நீக்குவது. அதற்கு முன், இப்போது இருக்கும் எட்டுக் கோப்பு நிரலைக் கோர் 2, ஐ5, பை மூன்றிலும் ஓட்டி, அட்டவணை கூட்டும் அந்த இரண்டு நிரல்களின் எண்ணிக்கைகளைக் குறித்து வைக்கவேண்டும். புது நிரல் அதே எண்களுக்குப் பக்கத்தில் வரவேண்டும். முதலில் கேள்வி கேட்ட தம்பியிடம் அந்தக் குறிப்பேட்டை ஒப்படைத்திருக்கிறோம்.